கெட்ட செய்தியைச் சொல்ல முடிகிற வீடு: கல்லூரிப் பிள்ளைகளின் மனநலமும் வேலூர்ப் பெற்றோரும்

ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் காட்பாடி ரயில் நிலையத்தில் இறங்கும் கூட்டத்தைப் பார்த்தாலே வேலூர் எவ்வளவு பெரிய படிப்பு ஊராகிவிட்டது என்பது தெரியும். பீகார், வங்காளம், ஆந்திரம் என்று பல மாநிலங்களிலிருந்து பெட்டி, படுக்கை, பக்கெட்டோடு பிள்ளைகள் வந்து இறங்குகிறார்கள். 1984-ல் ஒரு பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய வி.ஐ.டி. அவர்களில் பலரை இங்கே வரவழைக்கிறது. அதே காலை நேரத்தில் குடியாத்தம், பேரணாம்பட்டு, அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து பஸ் பிடித்து உள்ளூர்ப் பிள்ளைகள் வருகிறார்கள். ஓட்டேரி முத்துரங்கம் அரசு கலைக் கல்லூரி, ஊரீசு, ஆக்சிலியம், சேர்க்காட்டில் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் என்று அவர்கள் பிரிந்து போகிறார்கள். வாணியம்பாடியில் இஸ்லாமியா கல்லூரி 1919-லிருந்து நடக்கிறது. மேல்விஷாரத்தில் அப்துல் ஹக்கீம் கல்லூரி இருக்கிறது. 2019-ல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்துவிட்டாலும், படிப்பைப் பொறுத்தவரை பழைய வட ஆற்காடு இன்னும் ஒரே ஊராகத்தான் இயங்குகிறது.

இந்தப் பிள்ளைகளின் பெற்றோர் ஒரே மாதிரி ஆட்கள் இல்லை. பாட்னாவில் இருக்கும் வங்கி மேலாளரும் ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை செய்யும் அம்மாவும் எதிலும் ஒத்துப்போக மாட்டார்கள். ஆனால் இரவு ஒன்பது மணிக்குப் போனை எடுத்தால் இருவரும் ஒரே இரண்டு கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். "சாப்பிட்டாயா?" "பரீட்சை எப்படி எழுதினாய்?" முதல் கேள்வி பாசம், இரண்டாவது கவலை. பிள்ளையின் மனதில் என்ன ஓடுகிறது என்பது இந்த இரண்டுக்கும் நடுவில் கேட்கப்படாமலே நின்றுவிடுகிறது.

மனநலம் என்றதும் பெற்றோர் பலரும் தங்களுக்குத் தெரியாத ஏதோ ஒரு மருத்துவத் துறை என்று ஒதுங்கிவிடுகிறார்கள். அதில் ஒரு பாதிதான் உண்மை. நோயைக் கண்டுபிடிப்பதும் மருந்து கொடுப்பதும் மருத்துவர் வேலை. பெற்றோரின் வேலை வேறு, அதை வேறு யாரும் செய்ய முடியாது. அரியர் விழுந்தது, பணம் தொலைந்தது, காதல் முறிந்தது, வகுப்புக்குப் போகப் பிடிக்கவில்லை, உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்ற செய்திகளைப் பிள்ளை பயமில்லாமல் முதலில் கொண்டுவந்து சேர்க்கக்கூடிய இடமாக வீட்டை வைத்திருப்பதுதான் அந்த வேலை.

இந்த வயதில் ஏன்

அமெரிக்காவில் 2005-ல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று, மனநலக் கோளாறுகளில் சுமார் முக்கால் பங்கு 24 வயதுக்குள் தொடங்கிவிடுகின்றன என்று காட்டியது. அதாவது, பிள்ளை கல்லூரிக்குப் போகும் வயதும் இந்த நோய்கள் தலைகாட்டும் வயதும் ஒன்று. கல்லூரிதான் நோயைக் கொடுத்தது என்று அர்த்தமில்லை. வீட்டைவிட்டுப் பிரிவது, தமிழ் வழியில் படித்துவிட்டு ஒரே மாதத்தில் ஆங்கிலப் பாடத்துக்கு மாறுவது, ஊர்ப் பள்ளியில் முதல் மாணவனாக இருந்துவிட்டு இங்கே அறுபதில் ஒருவனாக உட்காருவது, கத்திரி வெயில் நேரத்தில் கொதிக்கும் விடுதி அறையில் தூக்கமில்லாமல் பரீட்சைக்குப் படிப்பது என்று பல பாரங்கள் ஒன்றாகச் சேரும் இடம் அது.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ல் இந்தியாவில் தற்கொலையால் இறந்த மாணவர்கள் 13,044 பேர். பள்ளி, கல்லூரி இரண்டும் சேர்ந்த கணக்கு இது. நாளொன்றுக்கு 35 பேருக்கு மேல் வருகிறது. ஒவ்வொரு மரணத்துக்குப் பின்னாலும் ஒரே ஒரு காரணத்தைத் தேடுவது நம் பழக்கம். 'மார்க் குறைந்ததால்', 'காதல் தோல்வியால்' என்று ஒற்றை வரியில் செய்தி வரும். உண்மையில் அப்படி ஒற்றைக் காரணத்தால் யாரும் இறப்பதில்லை. பல நாள் சோர்வு, அவமான பயம், தூக்கமின்மை, யாரிடமும் சொல்ல முடியாத தனிமை எல்லாம் சேர்ந்துதான் ஒருவரை அந்த இடத்துக்குத் தள்ளுகின்றன. இதில் சொல்ல முடியாமை என்ற ஒன்றை மட்டுமாவது வீட்டில் இருப்பவர்களால் மாற்ற முடியும்.

போனில் என்ன பேசுவது

நம் வீடுகளில் விடுதிப் பிள்ளைக்குப் போன் போடுவது ஒரு குடும்ப நிகழ்ச்சி. ஸ்பீக்கரில் போட்டு நடுவில் வைத்துவிடுவார்கள். பாட்டி ஒன்று கேட்பார், தங்கை ஒன்று கேட்பாள், பக்கத்து வீட்டு அத்தையும் எட்டிப்பார்த்து "நல்லா இருக்கியாப்பா" என்பார். அப்பா கடைசியில் போனை வாங்கி "நன்றாகப் படி" என்று சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார். இதில் சந்தோஷம் இருக்கிறது, அதை நிறுத்த வேண்டாம். ஆனால் இத்தனை பேர் கேட்டுக்கொண்டிருக்கும் போனில் ஒரு பெண் "அம்மா, எனக்கு இங்கே யாருமே பேசத் துணை இல்லை" என்று சொல்வாளா? வாரத்தில் ஒரு முறையாவது அம்மாவோ அப்பாவோ தனியாக, மொட்டை மாடியிலோ தெருமுனையிலோ நடந்துகொண்டே பேசுகிற ஒரு அழைப்பு இருக்க வேண்டும். அப்பாக்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன். பிள்ளை தன் தோல்வியைச் சொல்லப் பயப்படுவது பெரும்பாலும் அப்பாவிடம்தான்.

கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டாலே போதும். "சாப்பிட்டாயா?" என்பதோடு "யாரோடு சாப்பிட்டாய்?" என்று சேர்த்துப் பாருங்கள். பதிலில் பெயர்கள் வந்தால் பிள்ளைக்கு அங்கே ஒரு வட்டம் உருவாகிறது என்று பொருள். செமஸ்டர் தொடங்கி இரண்டு மாதம் ஆன பிறகும் "தனியாகத்தான்" என்றே பதில் வந்தால் அதைக் கவனிக்க வேண்டும். "நேற்று எத்தனை மணிக்குப் படுத்தாய்?" என்று கேளுங்கள். பதினெட்டு முதல் இருபத்தைந்து வயது வரை ஒருவருக்கு ஏழு முதல் ஒன்பது மணி நேரத் தூக்கம் தேவை. தூக்கம் கெடுவதுதான் பல நேரங்களில் முதலில் வெளியே தெரிவது. கேள்வி கேட்டபின் வாயை மூடிக்கொள்வதும் முக்கியம். பிள்ளை "எதுவும் பிடிக்கவில்லை" என்று ஆரம்பித்த உடனே, "நாங்களெல்லாம் அந்தக் காலத்தில் மண்ணெண்ணெய் விளக்கில் படித்தோம்" என்று தொடங்கினால் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். அடுத்த முறை "நன்றாக இருக்கிறேன்" என்ற பதில்தான் கிடைக்கும்.

பெண் பிள்ளைகள் ஏன் மறைக்கிறார்கள்

இதைப் பற்றி நம் பக்கத்தில் போதிய அளவு வெளிப்படையாகப் பேசுவதில்லை. கல்லூரிக்குப் போகும் பெண் பஸ்ஸில் ஒருவன் தொந்தரவு செய்வதை வீட்டில் சொல்ல மாட்டாள். வகுப்பில் ஒருவர் தவறாக நடந்ததையும் சொல்ல மாட்டாள். யாரோ படத்தை எடுத்து மிரட்டுகிறான் என்பதை நிச்சயமாகச் சொல்ல மாட்டாள். காரணம் அவளுக்கு நன்றாகத் தெரியும். சொன்னால் முதலில் நிற்கப்போவது அவளுடைய படிப்பு. "இதற்குத்தான் அனுப்ப வேண்டாம் என்றேன்" என்று ஒரு குரல் எழும், அடுத்த வாரம் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். தப்பு செய்தவன் தெருவில் நடப்பான், இவள் வீட்டுக்குள் இருப்பாள்.

அதனால் எதுவும் நடப்பதற்கு முன்பே, கல்லூரியில் சேர்க்கும் நாளிலேயே, பெண்ணிடம் இதை வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும்: "என்ன நடந்தாலும் உன் படிப்பை நிறுத்த மாட்டேன். என்னிடம் வந்து சொல்." சொன்னபடி நிற்கவும் வேண்டும். ஒரு முறை வாக்கு மாறினால் வீட்டில் இருக்கும் தங்கையும் சேர்த்துக் கற்றுக்கொண்டுவிடுவாள். படத்தை வைத்து மிரட்டினால் சைபர் குற்ற உதவி எண் 1930 இருக்கிறது. cybercrime.gov.in தளத்திலும் புகார் கொடுக்கலாம். புகார் கொடுக்கப் போகும்போது அப்பா கூட நடக்கிறார் என்பதே அந்தப் பெண்ணுக்குப் பாதி மருந்து.

நோய் வந்தாலும் இதே கல்யாணக் கணக்குதான் குறுக்கே நிற்கிறது. "மனநல டாக்டரிடம் போனாள் என்று தெரிந்தால் நாளைக்கு யார் எடுப்பார்கள்?" என்று தயங்கி ஒரு வருடத்தை வீணாக்குகிறார்கள். இன்னொரு பக்கம், "கல்யாணம் செய்து வைத்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்று சொந்தக்காரர்கள் யோசனை சொல்வார்கள். மனச்சோர்வும் மனச்சிதைவும் கல்யாணத்தால் குணமாகும் நோய்கள் இல்லை. குணமாகாத நிலையில் புது வீட்டுக்குப் போகும் பெண், தன் நோயோடு மாமியார் வீட்டுக் கேள்விகளையும் சேர்த்துச் சுமப்பாள்.

ஆண் பிள்ளைகளும் பணமும்

பையன்கள் மறைப்பது பெரும்பாலும் பணத்தை. ஆன்லைன் சூதாட்டத்தைத் தடை செய்து தமிழ்நாடு 2022-ல் சட்டம் கொண்டுவந்தது. மத்திய அரசும் 2025-ல் பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளுக்கு எதிராகச் சட்டம் இயற்றியது. ஆனாலும் கைப்பேசியில் வழிகள் திறந்துகொண்டுதான் இருக்கின்றன. விட்டதைப் பிடிக்க நண்பனிடம் கடன், பிறகு கடன் செயலியில் கடன் என்று போகும். அந்தச் செயலிகளில் சில தொடர்புப் பட்டியலை எடுத்துக்கொண்டு, படத்தை மாற்றி எல்லோருக்கும் அனுப்புவோம் என்று மிரட்டும். பத்தொன்பது வயதுப் பையனுக்கு அந்த இரவில் உலகமே முடிந்துவிட்டதுபோல இருக்கும். தொகை சில சமயம் பதினைந்தாயிரம்தான் இருக்கும். வீட்டில் சொன்னால் தீர்ந்துவிடுகிற தொகை.

ஏன் சொல்லவில்லை என்றால், அவன் வீட்டில் பணம் எப்படி வருகிறது என்று அவனுக்குத் தெரியும். அம்மா மகளிர் குழுவில் கடன் வாங்கிச் செமஸ்டர் கட்டணம் கட்டியிருப்பார். வளையல் அடகுக் கடையில் இருக்கும். இந்த உண்மையைப் பிள்ளையிடம் மறைக்க வேண்டியதில்லை; குடும்பக் கணக்கு தெரிந்த பிள்ளை பொறுப்பாக இருக்கும். தவறு எங்கே என்றால், ஒவ்வொரு போனிலும் அதை எடுத்து நீட்டுவதில். "உனக்காக நகையெல்லாம் அடகில் இருக்கிறது, பார்த்துப் படி" என்று வாரா வாரம் கேட்கும் பையனுக்குத் தான் ஒரு மகன் என்பதே மறந்துபோய், தான் ஒரு கடன் என்று தோன்ற ஆரம்பித்துவிடும். கடன் அடையாது என்று அவனுக்குத் தோன்றும் நாளில் என்ன நினைப்பான் என்று யோசித்துப் பாருங்கள்.

பண பாரத்தை உண்மையாகக் குறைக்கச் சில வழிகள் உண்டு. அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்கு வந்த மாணவியருக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. மாணவர்களுக்கு 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டம் இருக்கிறது. முதல் பட்டதாரிச் சான்றிதழுக்குக் கட்டணச் சலுகை உண்டு. இவற்றுக்கு அலைவது பெற்றோரால் முடியும். அந்த அலைச்சலைப் பிள்ளையின் தலையிலிருந்து இறக்குவதும் மனநல உதவிதான்.

வருகைப்பதிவுக் குறுஞ்செய்தி

இப்போது பல கல்லூரிகள் வருகைப்பதிவையும் மதிப்பெண்ணையும் நேராகப் பெற்றோர் கைப்பேசிக்கு அனுப்பிவிடுகின்றன. 75 சதவீதத்துக்குக் கீழே போனால் பரீட்சை எழுத முடியாது என்று அதில் இருக்கும். அதைப் பார்த்த அடுத்த நிமிடம் அப்பா போன் போட்டுக் கத்துவார். காய்ச்சல் அடிக்கும் பிள்ளையைப் பார்த்து "ஏன் உடம்பு சுடுகிறது?" என்று திட்டுவதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. நன்றாகப் போய்க்கொண்டிருந்த பிள்ளையின் வருகை திடீரென்று சரிந்தால் உள்ளே ஏதோ நடக்கிறது. முதலில் கேட்க வேண்டியது "என்ன ஆயிற்று?" என்பது. நாற்பது நாள் வகுப்புக்குப் போகாத காரணத்தை அறிவதற்கு முன் திட்டிவிட்டால் அந்தக் காரணம் பிறகு எப்போதும் வெளியே வராது.

இந்த மாவட்டக் கல்லூரி ஒன்றில் பாடம் நடத்தியவன் நான். ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தோல் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் ஒருவர், மகனைத் தேடித் துறை அலுவலகத்துக்கு வந்தார். நக இடுக்கில் சாயம் போகாமல் இருந்தது. மகன் மூன்று பாடத்தில் அரியர் வைத்திருந்தான். வீட்டில் எல்லாம் பாஸ் என்று சொல்லியிருந்தான். பக்கத்து ஊர்ப் பையன் மூலம் விஷயம் தெரிந்து வந்திருந்தார். பையனை அழைத்தார்கள். வாசலில் வந்து நின்றவன் சுவரைப் பார்த்தபடி நின்றான். அடி விழும் என்றுதான் அங்கிருந்த எல்லோரும் நினைத்தோம். அவர் சற்று நேரம் பார்த்துவிட்டு, "இத்தனை மாதம் இதை எப்படிப்பா தனியாக வைத்துக்கொண்டிருந்தாய்?" என்று கேட்டார். பையன் அங்கேயே உட்கார்ந்து அழுதான். அரியர் பிறகுதான் பேசப்பட்டது. அவனுக்கு மாதக்கணக்கில் தூக்கமே இல்லை என்பது அன்று மாலைதான் தெரியவந்தது. அந்த மனிதர் மனநலம் பற்றி எதையும் படித்தவர் இல்லை.

அரியர் விழுந்தால் வாழ்க்கை போய்விடாது என்று பொதுவாகச் சொல்வதால் பயன் குறைவு. எத்தனை பாடம், அடுத்த பரீட்சை எப்போது, மறுகூட்டலுக்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும், ஒரு செமஸ்டரில் எத்தனை அரியர் எழுத முடியும் என்று கூடவே உட்கார்ந்து ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். தலைக்குள் பேயாக நின்ற ஒன்று தாளில் ஒரு பட்டியலாகச் சுருங்கிவிடும்.

எப்போது கவலைப்பட வேண்டும்

எல்லாச் சோர்வும் நோய் இல்லை. பரீட்சைக்கு முன் பயம், பிரிவுக்குப் பின் அழுகை, முதல் மாதத்தில் வீட்டு ஏக்கம் எல்லாம் வந்து போகும். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் நாள் முழுக்கச் சோர்வு, பிடித்த விஷயங்களிலும் ஆர்வமின்மை, தூக்கமோ பசியோ தலைகீழாக மாறுவது, கவனம் நிற்காமை என்று தொடர்ந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். நம் ஊர்களில் மன வலி பெரும்பாலும் உடம்பு வழியாகத்தான் பேசும். தீராத தலைவலி, வயிற்று எரிச்சல், நெஞ்சுப் படபடப்பு என்று பிள்ளை சொல்லும். ஸ்கேன், இ.சி.ஜி. எல்லாம் எடுத்து ஒன்றுமில்லை என்று வந்தபின் "நடிக்கிறாய்" என்பார்கள். வலி நிஜமானது, அதன் வேர்தான் வேறு இடத்தில் இருக்கிறது.

இன்னொரு வகை அறிகுறிக்கு இரண்டு வாரம்கூடக் காத்திருக்கக் கூடாது. யாரோ தன்னைக் கண்காணிக்கிறார்கள் என்று உறுதியாக நம்புவது, காதில் குரல் கேட்பது, தனக்குத்தானே பேசுவது, தொடர்பற்றுப் பேசுவது, பல நாள் தூங்காமலே பெரும் உற்சாகத்தோடு திரிந்து பணத்தை வாரியிறைப்பது போன்றவை அவை. இந்த வகை நோய்கள் பெரும்பாலும் பதின்ம வயதின் இறுதியிலும் இருபதுகளின் தொடக்கத்திலும்தான் தொடங்குகின்றன. சிகிச்சை எவ்வளவு தாமதமாகிறதோ அவ்வளவு மீள்வது கடினமாகிறது. கோயிலுக்கோ தர்காவுக்கோ ஜெபத்துக்கோ போக விரும்புகிற குடும்பம் போகட்டும். அது அவர்களுக்குத் தைரியம் கொடுக்கிறது. ரத்தினகிரி முருகன் கோயிலுக்குப் போகும் அதே வாரத்தில் மருத்துவரையும் பார்த்துவிட வேண்டும். மந்திரித்துப் பார்த்து முடித்துவிட்டுப் பிறகு பார்க்கலாம் என்று மாதங்களைத் தள்ளுவதுதான் பெரிய இழப்பு.

பாகாயம் கற்றுக்கொடுத்தது

மனநல மருத்துவமனை இருக்கும் வேலூர்ப் பாகாயத்தின் பெயரைக் கேட்டதும் முகத்தைச் சுளிக்கிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. உலகின் பெரும்பாலான மனநல மருத்துவமனைகள் நோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரித்துப் பூட்டி வைத்துக்கொண்டிருந்த காலத்தில், இந்தியாவில் சில இடங்களில் வேறு வழியில் யோசித்தார்கள். 1950-களில் அமிர்தசரஸில் டாக்டர் வித்யா சாகர் நோயாளிகளோடு உறவினர்களையும் மருத்துவமனை வளாகத்திலேயே தங்கவைத்தார். அதே பத்தாண்டின் இறுதியில் பாகாயத்தில் உள்ள சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மனநல மையமும் அந்த வழியில் போனது. நோயாளியோடு வீட்டார் ஒருவர் கூடவே தங்க வேண்டும், சமைத்துச் சாப்பிட்டு, நோயைப் பற்றிக் கற்றுக்கொண்டு, ஊருக்குப் போனபின் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று பழகிக்கொள்ள வேண்டும் என்பது அங்கே நடைமுறை. மனநல மருத்துவ வரலாற்றில் குடும்பத்தைச் சிகிச்சையின் பங்காளியாக வைத்த முன்னோடி இடங்களில் ஒன்றாக நம் ஊர் பேசப்படுகிறது. காட்பாடியிலிருந்து நகரப் பேருந்தில் போய் இறங்கக்கூடிய தூரத்தில் அது இருக்கும்போது, ஊர்க்காரர்களான நாம் அந்தப் பெயரை வசவாகப் பயன்படுத்தக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

பணம் கட்ட முடியாதவர்களுக்கு அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டமும் நடக்கிறது. போனில் பேச, 24 மணி நேரமும் இயங்கும் 14416 என்ற கட்டணமில்லாத எண் உண்டு. டெலி மானஸ் என்ற தேசியத் திட்டத்தின் எண் அது; 2022 அக்டோபர் முதல் இயங்குகிறது, தமிழில் பேசலாம். பிள்ளைக்காகப் பெற்றோரும் அந்த எண்ணில் கேட்கலாம்.

யாரிடம் போவது என்ற குழப்பம் பலருக்கு உண்டு. மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். படித்தபின் இந்தத் துறையில் சிறப்புப் பயிற்சி பெற்றவர், மருந்து எழுதுவார். உளவியலாளரும் ஆலோசகரும் பேச்சு வழியாகச் சிகிச்சை தருவார்கள். சிலருக்கு ஒன்று போதும், சிலருக்கு இரண்டும் வேண்டும். மனச்சோர்வுக்கான மருந்து வேலை செய்யத் தொடங்கவே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். ஒரு வாரத்தில் மாற்றம் இல்லை என்று நிறுத்தக் கூடாது. நன்றாகிவிட்டது என்று தானாக நிறுத்தவும் கூடாது. "இந்த மாத்திரைக்கு அடிமையாகிவிடுவாய்" என்று சொந்தக்காரர்கள் சொல்வதைக் கேட்டு அட்டையைக் குப்பையில் போடும் அம்மாக்கள் இருக்கிறார்கள். சந்தேகம் இருந்தால் எழுதிக் கொடுத்த மருத்துவரிடமே கேட்டுவிடுவது நல்லது.

பெற்றோருக்குக் கொஞ்சம் கசக்கக்கூடிய ஒன்றும் இருக்கிறது. பிள்ளைக்குப் பதினெட்டு வயது ஆகிவிட்டால் அவன் அல்லது அவள் பேசியதை மருத்துவர் பெற்றோரிடம் அப்படியே ஒப்பிக்க மாட்டார். 2017-ம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் நோயாளிக்குத் தன் ரகசியம் காக்கப்படும் உரிமையைக் கொடுக்கிறது. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் வேறு. "காசு கட்டுகிறவன் நான், எனக்குச் சொல்ல மாட்டாரா?" என்று கோபப்படும் அப்பாக்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: அந்த ரகசியம் இருப்பதால்தான் உங்கள் பிள்ளை வாயைத் திறக்கிறது. அதே சட்டம், உடல் நோய்க்கு உள்ளதைப் போலவே மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு இருக்க வேண்டும் என்கிறது. பாலிசி எடுக்கும்போது கேளுங்கள்.

கல்லூரியிடம் கேட்க வேண்டியவை

உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் பிறப்பித்த வழிகாட்டு நெறிமுறைகளின்படி, 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்களில் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும். அதற்கு முன், அந்த ஆண்டு மார்ச் மாதம் உயர்கல்வி மாணவர்களின் மனநலம் பற்றி ஆராய ஓய்வு பெற்ற நீதிபதி ரவீந்திர பட் தலைமையில் தேசியப் பணிக்குழுவையும் அமைத்தது. ஆகவே சேர்க்கையின்போது லேப், பிளேஸ்மென்ட் பற்றிக் கேட்கும் நீங்கள், "ஆலோசகர் எந்த அறையில் இருப்பார், எந்த நேரத்தில்?" என்றும் கேட்கலாம். பதில் சொல்லத் தடுமாறும் கல்லூரியைப் பற்றி அந்த ஒரு கேள்வியே நிறையச் சொல்லிவிடும். ராகிங் என்றால் தமிழ்நாட்டில் 1997 முதல் தனிச் சட்டம் இருக்கிறது. தேசிய உதவி எண் 1800-180-5522. அறைத்தோழர், விடுதிக் காப்பாளர், வகுப்பு ஆலோசகர் ஆகிய மூவர் எண்ணும் கைவசம் இருக்கட்டும். தினமும் போன் செய்து வேவு பார்ப்பதற்கு அதைப் பயன்படுத்தக் கூடாது.

உயிர்ப் பயம் வரும்போது

"நான் இல்லாமல் இருந்தால் உங்களுக்கு நிம்மதி", "இனி எதற்கும் நேரமில்லை" என்பது போன்ற பேச்சு, பிடித்த பொருள்களை எல்லோருக்கும் கொடுப்பது, நீண்ட துயரத்துக்குப் பின் திடீர் அமைதி போன்றவற்றைக் கண்டால் நேராகக் கேளுங்கள்: "செத்துப்போக வேண்டும் என்று தோன்றுகிறதா?" கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்ற பயம் வேண்டாம். கேட்பது ஆபத்தைக் கூட்டுவதில்லை என்று ஆய்வுகள் சொல்கின்றன. பல பேருக்கு அது பாரம் இறங்கும் தருணம். ஆமாம் என்று பதில் வந்தால் அழாதீர்கள், சத்தியம் வாங்காதீர்கள், "எங்களை நினைத்தாயா?" என்று கேட்காதீர்கள். பிள்ளையைத் தனியே விடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். தொலைவில் இருந்தால் விடுதிக் காப்பாளரை எழுப்பி, அறையில் ஒருவரைக் கூட உட்காரவைத்துவிட்டுக் கிளம்புங்கள். விவசாய வீடென்றால் பூச்சி மருந்தை அன்றே வீட்டைவிட்டு அப்புறப்படுத்துங்கள். மாத்திரைகளைப் பூட்டி வையுங்கள். ஆபத்தான கணங்கள் பெரும்பாலும் குறுகியவை. அந்த நேரத்தில் கைக்கு எட்டாமல் இருப்பதே உயிரைக் காக்கும்.

முயற்சி நடந்துவிட்டால், போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து மருத்துவமனைக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115-வது பிரிவு, அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகா அமைப்பின் 044-24640050 எண்ணிலும் பேசலாம்.

ஒரு செமஸ்டர் விட்டுவிட்டு வீட்டுக்கு வரும் பிள்ளை

சிகிச்சைக்காகச் சிலர் ஒரு செமஸ்டர் வீட்டில் இருக்க வேண்டிவரும். அப்போது உறவுக்காரர்கள் "என்ன, லீவா?" என்று கேட்டுக்கொண்டே வருவார்கள். என்ன சொல்வது என்று பிள்ளையோடு உட்கார்ந்து முன்பே முடிவு செய்யுங்கள். "உடம்பு சரியில்லை, ஓய்வில் இருக்கிறாள்" என்ற ஒரே வரியை வீட்டில் எல்லோரும் சொன்னால் கேள்வி அங்கேயே நிற்கும். காலையில் எழுவதற்கு ஒரு நேரம், சாயங்காலம் கோட்டை அகழியைச் சுற்றி ஒரு நடை, வீட்டில் செய்ய ஒரு சின்ன வேலை என்று நாளுக்கு ஓர் ஒழுங்கு இருந்தால் மருந்துக்கு அது துணை நிற்கும். நாள் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். கூட இருக்கும் அம்மாவும் தூங்க வேண்டும். அப்பாவும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

திரும்பிப் போகும் முன் கல்லூரியிடம் மருத்துவ விடுப்புக்கான சான்று கொடுத்து, இடம் போகாது என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முதல் செமஸ்டரில் பாடங்களைக் குறைத்து எடுக்க முடியுமா, அறையை மாற்ற முடியுமா, மருத்துவரைப் பார்க்கும் நாளில் வருகை விலக்கு கிடைக்குமா என்று துறைத் தலைவரிடம் கேளுங்கள். பிள்ளையையும் அந்தப் பேச்சில் உட்காரவையுங்கள். எந்தெந்தப் பாடம் எடுப்பது என்பதை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும்.